ஒளியும் அதன் விலையும்



பகல் வெளிச்சத்தில் நின்று புத்தகம் படிக்கும்போது நம் கண்ணின் பாவை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இரவில் விளக்கில்லாத தாழ்வாரத்தில் நடக்கும்போது அதே பாவை 7 மில்லிமீட்டர் வரை விரிகிறது. குறுக்களவு மூன்றரை மடங்கு கூடினால் பரப்பு 12 மடங்குக்கு மேல் கூடும் என்பது நீங்கள் வகுப்பில் போட்டுப் பழகிய கணக்கு. கண்ணுக்குள் புகும் ஒளியும் அவ்வளவு மடங்கு கூடுகிறது. இந்த வேலையைக் கண்ணுக்கு யாரும் கற்பிப்பதில்லை. அது தானே செய்துகொள்கிறது. காமிராவுக்கோ நாம்தான் சொல்ல வேண்டும். எவ்வளவு திறப்பது, எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று அதற்குச் சொல்லத் தெரிந்தவர்களே நல்ல படம் எடுக்கிறார்கள். அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

காமிராக் கடைகளில் 50 மில்லிமீட்டர் என்றும் 1.8 என்றும் பொறித்த சிறிய லென்ஸ் ஒன்றைக் காணலாம். காமிராவோடு சேர்ந்து வந்த ஜூம் லென்ஸுக்கு அடுத்தபடியாக மாணவர்கள் வாங்குவது பெரும்பாலும் இதைத்தான். இதன் குவியத் தூரம் மாறுவதில்லை. தூரத்துப் பொருளை அருகே இழுத்துக் காட்ட இதனால் முடியாது. இத்தகைய லென்ஸைப் பிரைம் லென்ஸ் என்பர். மிகுதியான ஒளியை உள்ளே விடுவதால் இதற்கு வேக லென்ஸ் என்ற பெயரும் உண்டு. லென்ஸ் எங்கும் ஓடுவதில்லை. பிறகு வேகம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உள்ளே வரும் ஒளி மிகுதியானால் ஷட்டர் விரைவில் திறந்து மூடினாலே படம் பதிந்துவிடும். அந்த விரைவைக் கருதியே வேக லென்ஸ் என்றனர்.

1.8 என்பது ஒரு விகிதம். குவியத் தூரத்தைத் துளையின் குறுக்களவால் வகுத்தால் வரும் ஈவு அது. இதனை எஃப் எண் என்பர். 50ஐ 1.8ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் வரும். இந்த லென்ஸை முழுமையாகத் திறந்தால் துளை அவ்வளவு பெரியது. சாதாரண ஜூம் லென்ஸை 50 மில்லிமீட்டருக்குத் திருப்பினால் அதன் எண் பெரும்பாலும் 5.6 என நிற்கும். துளை 9 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவே. இரண்டு துளைகளின் பரப்பையும் ஒப்பிட்டால் முன்னது பின்னதைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு. ஆகவே, ஜூம் லென்ஸில் ஒரு நொடியில் 10இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டிய இடத்தில், இந்தச் சிறிய லென்ஸுக்கு 100இல் ஒரு பங்கு நேரம் போதும். பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் முகம் முன்னதில் கலங்கிப் போகும்; பின்னதில் தெளிவாக நிற்கும்.

லென்ஸின் உள்ளே உலோக இதழ்களால் ஆன திரை ஒன்று உண்டு. அதைச் சுருக்கிச் சுருக்கித் துளையைச் சிறிதாக்கலாம். 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்பன அதன் படிகள். ஒவ்வோர் எண்ணையும் இரண்டின் வர்க்கமூலமாகிய 1.414ஆல் பெருக்கினால் அடுத்த எண் வந்துவிடும். எண் ஒரு படி ஏற ஏற ஒளி பாதி பாதியாகக் குறையும். 2இலிருந்து 16க்கு ஆறு படிகள். எனவே ஒளி 64இல் ஒரு பங்காகிவிடும். எண் பெரிதானால் துளை சிறிது என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். புதிதாகப் பழகுவோர் குழம்பும் இடம் இதுவே.

இவ்வளவு பெரிய துளை மனிதனுக்கு ஏன் வேண்டியிருந்தது? வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். 1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் டாகேர் தம் புகைப்பட முறையை உலகறியச் செய்தபோது, படம் பதியச் சில நிமிடங்கள் ஆயின. உயிருள்ள மனிதர் அவ்வளவு நேரம் அசையாமல் இருப்பது அரிது. அடுத்த ஆண்டிலேயே, 1840இல், வியன்னாப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் யோசேப் பெட்ஸ்வால் கணக்கிட்டே ஒரு லென்ஸை வகுத்தார். அதன் எஃப் எண் 3.6 அளவில் இருந்தது. அது அதுவரை வழங்கிய லென்ஸைப்போல் பதினைந்து மடங்குக்குக் குறையாத ஒளியைத் தந்தது. மனித முகங்களைப் படம் பிடிப்பது அதனால் ஒரு தொழிலாக வளர்ந்தது. ஆனால் அந்த லென்ஸ் படத்தின் நடுவில் கூர்மையும் ஓரங்களில் மங்கலுமாகக் காட்டிற்று. ஒளிக்கு ஏதேனும் ஒரு விலை உண்டு என்பதற்கு அதுவே முதற்சான்று எனலாம்.

அதன்பின் 1920களுக்கு வருவோம். ஜெர்மனியில் லுட்விக் பெர்ட்டெலே என்ற இளைஞர், இருபது வயதைச் சற்றே கடந்த நிலையில், எர்னோஸ்டார் என்னும் லென்ஸைக் கணக்கிட்டார். 1924இல் வெளிவந்த எர்மனாக்ஸ் என்னும் சிறு காமிராவில் அது பொருத்தப்பட்டது. முதலில் 2 ஆக இருந்த அதன் எண் பின்னர் 1.8 ஆயிற்று. அந்தக் காமிராவை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர் எரிக் சாலமன் என்பவர். அவர் சட்டம் பயின்றவர். அந்நாளில் அறைக்குள் படம் எடுப்பதென்றால் மக்னீசியப் பொடியைக் கொளுத்துவார்கள். வெளிச்சமும் புகையும் எழ, எல்லாரும் திடுக்கிட்டு முகத்தைச் சீர்செய்துகொள்வார்கள். சாலமன் பொடி எதுவும் கொளுத்தவில்லை. 1928இல் ஜெர்மன் நீதிமன்றங்களிலும், பின்னர் நாடுகளுக்கிடையேயான மாநாடுகளிலும், அங்கு எரிந்த விளக்கின் ஒளியிலேயே படம் எடுத்தார். தொப்பிக்குள் காமிராவை மறைத்து வைத்தும் எடுத்திருக்கிறார். நள்ளிரவைத் தாண்டிய பேச்சுவார்த்தையில் களைத்துச் சோர்ந்து கிடந்த அமைச்சர்களை உலகம் கண்டது அவர் படங்களால்தான். அவருடைய காமிராவில் கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாகவே இட்டு எடுக்க வேண்டும். எனவே, பேசுவோர் ஒரு கணம் அசைவற்றிருக்கும் வேளையை அவர் காத்திருந்து பிடித்தார். யூதராகப் பிறந்த அவரை நாஜிகள் 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றனர். அவர் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன.

இதிலிருந்து நாம் அறிவது யாது? வேக லென்ஸ் பிறந்தது, பொருள்களை அவை இருக்கும் ஒளியிலேயே காண்பதற்காக. அகல் விளக்கின் முன் அமர்ந்திருப்பவரை அகல் விளக்கின் ஒளியிலேயே காட்ட வேண்டும். பிளாஷ் விளக்கைப் போட்டுவிட்டால் முகம் தெரியும். அகல் தந்த ஒளி போய்விடும்.

ஒளி மிகுதியாக வந்தால் மட்டும் போதாது. வந்த ஒளி சிதறாமலும் இருக்க வேண்டும். பூச்சில்லாத கண்ணாடி, காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 100இல் 4 பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். அத்தகைய பரப்புகள் எட்டு இருந்தால் முடிவில் மிஞ்சுவது 72 பங்கே. இழந்த ஒளியில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். பெர்ட்டெலே 1930களின் தொடக்கத்தில் சோனார் என்னும் லென்ஸை அமைத்தபோது, கண்ணாடிகளைப் பல இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டி, காற்றைத் தொடும் பரப்புகளை ஆறாகக் குறைத்ததன் காரணம் இதுதான். 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்ணாடியின்மேல் மெல்லிய பூச்சிட்டு இந்த இழப்பைக் குறைக்கும் வழியைக் கண்டார். உங்கள் லென்ஸைச் சாய்த்துப் பார்க்கும்போது ஊதாவும் பச்சையுமாக ஒரு மினுமினுப்புத் தெரிகிறதே, அது அந்தப் பூச்சின் வழிவந்ததுதான்.

இனி விலையைப் பற்றிப் பேசுவோம். காமிராவை ஒரு தொலைவுக்குக் குவியப்படுத்தினால், அந்தத் தொலைவுக்கு முன்னும் பின்னும் ஓரளவுதான் படம் தெளிவாக இருக்கும். அந்த அளவைத் தெளிவின் ஆழம் என்று சொல்லிக்கொள்வோம். 36க்கு 24 மில்லிமீட்டர் படச்சட்டம் உள்ள காமிராவில், 50 மில்லிமீட்டர் லென்ஸை 1.8இல் வைத்து, 2 மீட்டர் தொலைவில் இருப்பவரைப் படம் எடுத்தால் தெளிவின் ஆழம் சுமார் 17 சென்டிமீட்டர். அவரை நெருங்கி 1 மீட்டரில் நின்றால் அது 4 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். கண்ணுக்கும் காதுக்கும் இடையே உள்ள தொலைவு அதைவிட மிகுதி. எனவே கண் தெளிவாக இருந்தால் காது மங்கும். எண்ணை 8 ஆக்கினால் 1 மீட்டரிலேயே 18 சென்டிமீட்டர் கிடைக்கும்.

இது ஏன் என்பதை ஒரு கூம்பை நினைத்தால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி லென்ஸின் துளை முழுவதையும் நிறைத்து, உள்ளே ஒரு கூம்பாகக் குவிகிறது. கூம்பின் நுனி உணரியின்மேல் சரியாக விழுந்தால் புள்ளி புள்ளியாகவே பதியும். நுனி சற்று முன்னோ பின்னோ விழுந்தால் புள்ளி ஒரு வட்டமாகப் பதியும். அடி அகன்ற கூம்பானால் சிறு விலகலிலும் வட்டம் பெரிதாகிவிடும். அடி ஒடுங்கிய கூம்பானால் வட்டம் சிறிதாகவே இருக்கும். பெரிய துளை ஒளியைக் கொடுக்கிறது. அந்தக் கையாலேயே ஆழத்தை வாங்கிக்கொள்கிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கலின் எல்லையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று திரைப்பட வரலாற்றில் உண்டு. அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக், பதினெட்டாம் நூற்றாண்டுக் கதையான பேரி லிண்டன் என்னும் படத்தை 1975இல் வெளியிட்டார். மெழுகுவத்தி எரிந்த காலத்து அறைகளை மெழுகுவத்தி ஒளியிலேயே எடுக்க அவர் விரும்பினார். சைஸ் நிறுவனம் 1960களில் நாசாவின் நிலவுத் திட்டத்திற்காகச் செய்திருந்த 50 மில்லிமீட்டர் லென்ஸ் அதற்குக் கைகொடுத்தது. அதன் எஃப் எண் 0.7. கணக்கிட்டால் துளை 71 மில்லிமீட்டர் வரும். அந்த லென்ஸைப் பொருத்துவதற்காகவே ஒரு திரைப்படக் காமிராவை மாற்றியமைத்தார்கள்.

மெழுகுவத்தியின் ஒளி போதியதாயிற்று. ஆனால் தெளிவின் ஆழம் மிகச் சிறிது. நடிகர் நாற்காலியில் சற்றுச் சாய்ந்தாலும் முகம் மங்கிவிடும். அதனால் பக்கவாட்டில், நடிகருக்குச் செங்கோணத்தில், ஒரு தொலைக்காட்சிக் காமிராவை நிறுத்தி, அதன் திரையில் கோடுகள் இட்டு, நடிகர் முன்னோ பின்னோ நகரும் அளவைக் கண்காணித்துக் குவியத்தைத் திருத்தினார்கள். நடிகர்களும் அசைவைக் குறைத்துக்கொண்டார்கள். அந்தக் காட்சிகள் பழைய ஓவியங்களைப்போல் அமைதியாகத் தோன்றுவதற்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம் என்பது என் கருத்து. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட் இப்படத்திற்காக ஆஸ்கார் விருது பெற்றார். லென்ஸ் அரியதுதான்; அதனோடு அதன் குறையை அறிந்து, அதற்கேற்ப வேலையை ஒழுங்குசெய்த மனிதர்களும் அங்கே இருந்தார்கள் என்பதை நீங்கள் கருத வேண்டும்.

அத்தகைய ஒழுங்கை நம் சிறிய லென்ஸிலும் கடைப்பிடிக்கலாம். அதற்கான வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, குவியம் எங்கே என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். முகத்தைப் படம் எடுத்தால் காமிராவுக்கு அருகே உள்ள கண்ணில் குவியம் நிற்க வேண்டும். காமிராவே இடத்தைத் தேர்ந்துகொள்ள விட்டால் அது மூக்கையோ சட்டைப் பித்தானையோ பிடித்துக்கொள்ளக் கூடும். கண்ணைக் கண்டறியும் வசதி காமிராவில் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம்; இல்லையேல் குவியப் புள்ளியைக் கண் இருக்கும் இடத்திற்கு நகர்த்திக்கொள்ளலாம். நடுப்புள்ளியில் குவியப்படுத்திவிட்டுக் காமிராவைப் பக்கவாட்டில் திருப்பும் வழக்கம் பலரிடம் உண்டு. 1 மீட்டர் தொலைவில் 15 பாகை திருப்பினால் குவியத்தளம் கண்ணைவிட்டு 3.4 சென்டிமீட்டர் பின்னே போய்விடும். கோணத்தின் கொசைனை அறிந்த மாணவர்கள் இதைத் தாமே சரிபார்க்கலாம். முன்புறம் நமக்குள்ள இடமோ 2 சென்டிமீட்டர்தான்.

இரண்டாவது, அசைவைக் கவனியுங்கள். அசைவு இருவகை: கையின் நடுக்கம் ஒன்று, எதிரே இருப்பவரின் அசைவு மற்றொன்று. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு நொடியில் 50இல் ஒரு பங்குக்குக் குறையாத விரைவு வேண்டும் என்பது பழைய விதி. சிறிய உணரி உள்ள காமிராவானால் 80இல் ஒரு பங்கு எனக் கொள்ளலாம். கைநடுக்கத்தைத் தாங்கும் அமைப்பு இப்போது பல காமிராக்களில் உண்டு; ஆனால் எதிரே இருப்பவரின் அசைவை அது நிறுத்தாது. உட்கார்ந்து பேசுபவருக்கு 100இல் ஒரு பங்கும், மேடையில் ஆடுபவருக்கு 250 அல்லது 500இல் ஒரு பங்கும் வேண்டும். ஒளி போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தத் தயங்காதீர்கள். சற்றுப் புள்ளிப் புள்ளியாகத் தோன்றும் தெளிவான படம், கலங்கிய வழவழப்பான படத்தைவிட மேலானது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. பழைய வகைக் குழல்விளக்கின் ஒளி நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. அந்த ஒளியில் 500இல் ஒரு பங்கு நேரத்தில் எடுத்தால், ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்த படம் இருட்டாகவும் வரலாம். படத்தின் குறுக்கே பட்டைகளும் விழலாம். அங்கே 100இல் ஒரு பங்கும் 50இல் ஒரு பங்கும் பாதுகாப்பான விரைவுகள்.

மூன்றாவது, முழுத்திறப்பையே எப்போதும் வைத்திருக்க வேண்டுவதில்லை. முழுமையாகத் திறந்த லென்ஸில், ஓரத்தின் வழியே வரும் கதிரும் நடுவின் வழியே வரும் கதிரும் ஒரே இடத்தில் குவிவதில்லை. இதுவே கோளப் பிறழ்ச்சி. கறுப்பு வெள்ளை விளிம்புகளில் ஊதாவும் பச்சையுமாகச் சாயல் படிவதும் உண்டு, அது நிறப்பிறழ்ச்சி. இரண்டு படி மூடினால் இவை பெரிதும் குறைந்துவிடும். இத்தகைய லென்ஸ்கள் பெரும்பாலும் 4க்கும் 8க்கும் இடையே மிகக் கூர்மையாக இருக்கும். அப்படியானால் 16க்கு மூடினால் இன்னும் கூர்மையாகுமே என்று எண்ணாதீர்கள். துளை மிகச் சிறிதானால் ஒளி அலையாகப் பரவும் விளிம்பு விளைவு தலைகாட்டும். பச்சை ஒளியில், 2 என்ற எண்ணில் 3 மைக்ரானுக்கும் குறைவாக இருக்கும் புள்ளி, 16இல் 21 மைக்ரான் அளவுக்கு விரிந்துவிடும்.

இதை ஏட்டில் படிப்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. 30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றை மேசைமேல் காமிராவை நோக்கி நீளவாக்கில் வையுங்கள். காமிராவை முக்காலியிலோ புத்தக அடுக்கின்மேலோ நிறுத்தி, சற்று மேலிருந்து அளவுகோலைப் பார்க்கும்படி சாய்த்து, 15 என்னும் எண்ணில் குவியப்படுத்துங்கள். 1.8, 2.8, 4, 5.6, 8, 16 என்று ஆறு படங்கள் எடுங்கள். எந்தெந்தக் கோடுகள் தெளிவாக உள்ளன என்று எண்ணி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 15ஆம் கோட்டின் கூர்மை எந்தப் படத்தில் மிகுதி என்பதையும் குறியுங்கள். அரை மணி நேர வேலை இது. உங்கள் லென்ஸின் இயல்பை இதைப்போல் வேறெதுவும் சொல்லித்தராது.

நான்காவது, பலர் சேர்ந்த படங்களில் கவனம் வேண்டும். வகுப்பு மாணவர்களை மூன்று வரிசையாக நிறுத்தி 4 மீட்டரில் நின்று 1.8இல் எடுத்தால், தெளிவின் ஆழம் 70 சென்டிமீட்டர்தான். முன்வரிசையினர் தெளிவாகவும் பின்வரிசையினர் மங்கலாகவும் இருப்பர். 5.6 வைத்தால் ஏறத்தாழ 3.2 மீட்டரிலிருந்து 5.4 மீட்டர் வரை தெளிவு கிடைக்கும். பின்வரிசையில் நிற்கும் மாணவனுக்கும் அந்தப் படத்தில் சம உரிமை உண்டு அல்லவா?

ஐந்தாவது, நல்ல வெயிலில் முழுத்திறப்பு மற்றொரு தொல்லை தரும். ஐ.எஸ்.ஓ. 100இல், வெயிலில், 16 என்ற எண்ணுக்கு 100இல் ஒரு பங்கு நேரம் என்பது நெடுநாளைய விதி. அதே ஒளியில் 1.8க்குத் திறந்தால் 8000இல் ஒரு பங்கு வேண்டும். பல காமிராக்களின் ஷட்டர் 4000இல் நின்றுவிடும், படம் வெளிறிவிடும். நிழலுக்குச் செல்லுங்கள், அல்லது துளையை மூடுங்கள், அல்லது ஒளியைக் குறைக்கும் சாம்பல்நிறக் கண்ணாடியை லென்ஸின் முன் மாட்டுங்கள். பக்கத்திலிருந்து வெயில் படும்போது லென்ஸுக்கு மறைப்பு வளையம் போடுவது எப்போதும் நன்மை தரும்.

ஆறாவது, கால்களைப் பயன்படுத்துங்கள். ஜூம் வசதி இல்லையே என்று வருந்த வேண்டுவதில்லை. பிரான்சு நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரசோன் தம் வாழ்நாட் படங்களில் மிகப் பெரும்பகுதியை 50 மில்லிமீட்டர் லென்ஸாலேயே எடுத்தார். ஒரே லென்ஸோடு பல மாதங்கள் பழகினால், காமிராவைக் கண்ணில் வைப்பதற்கு முன்பே எதுவரை படத்தில் விழும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கைப்பேசியிலும் 1.8 என்று எழுதியிருக்கிறதே, அதில் மட்டும் எல்லாம் தெளிவாக விழுவது ஏன் என்று உங்களில் சிலர் கேட்கக் கூடும். நல்ல கேள்வி. எஃப் எண் ஒரு விகிதம் என்றேன். குவியத் தூரம் 6 மில்லிமீட்டர் உள்ள கைப்பேசி லென்ஸில் 1.8 என்பது 3.3 மில்லிமீட்டர்த் துளையே. விகிதம் ஒன்றானாலும் துளை சிறிது. கூம்பின் அடியும் சிறிது. அதனால் தெளிவின் ஆழம் மிகுதி. கைப்பேசி காட்டும் மங்கலான பின்புலம் பெரும்பாலும் கணிப்பொறிக் கணக்கால் பின்னர் செய்யப்படுவது. தலைமயிரின் ஓரங்களை உற்றுப் பாருங்கள். சில படங்களில் அந்தக் கணக்குத் தடுமாறியிருப்பது தெரியும்.

இதுகாறும் சொன்னவை கைப்பழக்கத்தால் வருபவை. இனிச் சொல்வது சிந்தித்து முடிவு செய்ய வேண்டியது.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் நெடுங்காலம் மணியடித்த உதவியாளர் ஒருவர் ஓய்வு பெற்றார். அங்கே மணி என்பது புங்க மரக்கிளையில் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் அவரை இரண்டு படங்கள் எடுத்து வந்து, “ஐயா, இவற்றில் எது நல்ல படம்?” என்று கேட்டான். முதற்படம் அருகே நின்று 1.8இல் எடுத்தது. முகச்சுருக்கமும் நரைத்த புருவமும் ஓவியம்போல் இருந்தன. பின்னால் பச்சை மங்கலும், நடுவே கறுப்பாக ஒரு தீற்றும். இரண்டாவது படம் சில அடிகள் பின்னே சென்று 8இல் எடுத்தது. அதில் முகம் சிறிதாக இருந்தது. ஆனால் மரமும், தண்டவாளத் துண்டும், அடித்து அடித்து அதில் தேய்ந்திருந்த இடமும், அவர் கையிலிருந்த இரும்புக் கோலும் தெரிந்தன.

“முதற்படத்தில் இருப்பவர் யார்?” என்று அவனையே கேட்டேன். “ஒரு பெரியவர்,” என்றான். “இரண்டாவதில்?” என்றேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, “நம் பள்ளியில் மணியடித்தவர், ஐயா,” என்றான். இரண்டும் நல்ல படங்களே என்றுதான் அவனிடம் சொன்னேன். முதற்படத்தை அவர் வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லி, இரண்டாவதைப் பள்ளியில் மாட்டினோம். பின்னர் அங்கு மின்சார மணி வந்துவிட்டது. தண்டவாளத் துண்டு இப்போது இல்லை. அது எப்படி இருந்தது என்று காட்ட அந்த ஒரு படம் இருக்கிறது.

பின்புலத்தை மங்கலாக்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. கூட்டத்தின் நடுவே ஒரு குழந்தையின் முகத்தை மட்டும் பிரித்துக் காட்ட அது உதவும். சுவரில் ஒட்டிய விளம்பரங்களை மறைக்கவும் உதவும். ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். தெளிவாக எடுத்த படத்தை எப்போது வேண்டுமானாலும் மங்கலாக்கிக்கொள்ளலாம். மங்கலாக எடுத்ததிலிருந்து இழந்த விவரத்தை உள்ளபடி மீட்க இயலாது. பாட்டியின் முகத்தை நாம் நினைவில் வைத்திருப்போம். அவர் பின்னே இருந்த அம்மியும், அடுக்குப் பானையும், சுவரில் எழுதிய பால்கணக்கும் எப்படி இருந்தன என்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் யாரேனும் கேட்டால், அந்தப் படம்தான் விடை சொல்ல வேண்டும். நெசவாளரைத் தறியோடும், கொல்லரை உலையோடும், குயவரைத் திகிரியோடும் சேர்த்துக் காண வேண்டிய இடங்களில், லென்ஸால் முடிகிறதே என்பதற்காக அவற்றை அழித்துவிடக் கூடாது.

ஆகையால், ஷட்டர்ப் பித்தானை அழுத்துமுன் உங்களை இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒளியில் அசைவின்றி எடுக்க எவ்வளவு திறக்க வேண்டும்? இந்தப் படத்தில் எவையெவை தெரிய வேண்டும்? முதற்கேள்விக்கு விடை 1.8 ஆகவும் இரண்டாவதற்கு 5.6 ஆகவும் வரலாம். அப்போது ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தலாம், முக்காலியை நாடலாம், சன்னலருகே வரும்படி அவரை வேண்டலாம். எதுவுமே இயலாதபோது எதை விட்டுக்கொடுப்பது என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தைச் செய்யும் எந்திரம் காமிராவில் இல்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியோர். ஒளிக்கும் அது பொருந்தும். வரும் விடுமுறையில் உங்கள் ஊரில் தம் தொழிலை இன்னும் கைவிடாத முதியவர் ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். அவரது இசைவைப் பெற்று, முழுத்திறப்பில் ஒரு படமும், மூன்று படி மூடி ஒரு படமும் எடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எது யாருக்கு வேண்டிய படம் என்பது அப்போது உங்களுக்கே விளங்கும். இரண்டின் பின்னும் அவர் பெயரையும், ஊரையும், நாளையும் எழுதி வைக்க மறவாதீர்கள்.